தண்ணீர் இறங்கும் மலை: மேட்டுப்பாளையம் முதல் கெத்தை வரை

விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையத்தில் லாரிகள் எதிரெதிரே கடக்கத் தொடங்கிவிடும். மேலே இருந்து இறங்கும் வண்டியில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு. கீழே இருந்து ஏறும் வண்டியில் அரிசி, சிமென்ட், காஸ் சிலிண்டர், கோழி எரு. மண்டியில் மூட்டை இறங்கியதும் ஏலம். கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் சுரண்டிப் பார்த்து, அரை நிமிடத்தில் விலை முடிந்துவிடுகிறது. பூண்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறார்கள். நீலகிரிப் பூண்டை விதைக்காக வாங்கிப் போக வடமாநில வியாபாரிகளும் இந்த ஊர் வரை வருகிறார்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். 35 கிலோமீட்டர் ஏறினால் குன்னூர், 1,850 மீட்டர். இன்னும் ஏறினால் ஊட்டி, 2,240 மீட்டர். இந்த உயரத்துக்கு ஏறுகிற ஒவ்வொரு சிமென்ட் மூட்டைக்கும், இறங்குகிற ஒவ்வொரு கேரட் மூட்டைக்கும் வாடகை உண்டு. மலை விவசாயியின் கணக்கு அந்த வாடகையிலிருந்துதான் தொடங்குகிறது. சமவெளி விவசாயி பத்து கிலோமீட்டரில் சந்தைக்குப் போய்விடலாம். விலை பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு சந்தை. மலையிலிருந்து இறங்கிய கேரட் திரும்ப மேலே ஏறாது. கிடைத்த விலைதான் விலை.

கல்லாற்றைத் தாண்டியதும் பாக்குத் தோப்பு முடிந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. பர்லியாறு வரை பலாவும் கிராம்பும் ஜாதிக்காயும். அதற்கு மேலே தேயிலை. பக்கத்திலேயே பல்சக்கர ரயில் பாதை. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது. இன்று அதில் சுற்றுலாப் பயணிகள்தான் போகிறார்கள். விளைபொருள் எல்லாம் லாரியில்.

பச்சை இலையின் கணக்கு

குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் சாலையின் இருபுறமும் தெரியும் தேயிலை எல்லாம் பெரிய எஸ்டேட் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அதில் பெரும்பகுதி அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் படுகர் ஹட்டிகளின் சிறு தோட்டங்கள். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் பாதி உருளைக்கிழங்கு நிலம். 1961-ல் கிழங்கு வேரில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 1971-ல், இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. முத்தோரை ஆராய்ச்சி நிலையம் பின்னால் நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி சுவர்ணா' ரகத்தைக் கொடுத்தது. ஆனாலும் அதற்குள் பலர் தேயிலைக்கு மாறிவிட்டிருந்தார்கள். தேயிலையில் அப்போது நல்ல பணம். சோவியத் நாடு குன்னூர் ஏலத்தில் அள்ளிக்கொண்டிருந்த காலம்.

அந்த நாடு உடைந்தது. 1990களின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தது. கிலோ பத்து ரூபாய்க்கு மேல் பார்த்தவர்கள் நான்கு, ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பெரிய போராட்டங்கள் நடந்தன. விலை பிறகு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஆனால் விலை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு மாறவில்லை. சிறு விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது.

ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு முறைப்படி, தூளின் சராசரி விற்பனை விலையில் 65 சதவிகிதம் இலை கொடுத்தவருக்கு, 35 சதவிகிதம் தொழிற்சாலைக்கு. ஓர் உதாரணத்துக்கு, ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைக்காரருக்கு 65 ரூபாய். அதை நாலரையால் வகுத்தால் ஒரு கிலோ இலைக்கு 14 ரூபாய் சொச்சம். அந்தப் பதினான்கில்தான் பறிகூலி, சாலை வரை சுமைகூலி, உரம், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து எல்லாம் அடங்க வேண்டும். பறிகூலி மட்டும் எவ்வளவு ஆகும் என்று தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் விரல்விட்டுச் சொல்வார்கள். பல வீடுகளில் கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டுப் பெண்களே பறிப்பதால்தான் தோட்டம் ஓடுகிறது. பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது தனிக்கதை.

விலை விழும்போது சிறு விவசாயிக்கு ஒரு பிடி கொடுத்தது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள். இண்ட்கோசர்வ் என்ற பெயரில் அவை ஒரே இணையத்தின் கீழ் நடக்கின்றன. குறை சொல்பவர்கள் உண்டு. பணம் தாமதமாக வருகிறது என்பது பழைய குறை. ஆனாலும் அவை இல்லாத ஹட்டிகளில் தனியார் ஏஜென்ட் சொன்னதுதான் விலை என்பதையும் அதே ஆட்களே சொல்வார்கள்.

கேத்தி பாலாடாவில் ஒரு காலை

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் இடதுபுறம் கேத்திப் பள்ளத்தாக்கு விரிகிறது. அதன் அடிவாரத்தில் கேத்தி பாலாடா. நீலகிரிக் கேரட்டின் தலைநகரம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இருட்டிலேயே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள். கழுவும் இயந்திரத்தில் சுழன்று வெளியே வரும்போது அதன் நிறமே வேறு. பிடுங்குபவர்களில் பலர் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள். உள்ளூர் இளைஞர்கள் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூருவில்.

பள்ளத்தாக்கின் சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல்கள். சில படிகள் ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இருக்காது. கோழி எரு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து ஆயக்கட்டு விவசாயியும்கூட. அவருக்கும் தோட்டத்துப் பெரியவருக்கும் நடக்கும் பேச்சு இப்படிப் போகிறது.

"ஏனுங்க ஐயா, இந்தச் சரிவுல டிராக்டர் நிக்குமாங்க?"

"டிராக்டர் எங்க தம்பி? மண்வெட்டிதான். அகலமான படியா இருந்தா பவர் டில்லர்."

"எங்கூர்ல ஏக்கர் உழவு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுருமுங்க."

"இங்க கொத்தறதுக்கே ரெண்டு நாளு, அஞ்சாறு ஆளு. அதுக்கப்புறம் காட்டுமாடு இறங்காம இருக்கணும். உங்க வாய்க்கால்ல போற தண்ணி இந்த மலைத் தண்ணிதானே தம்பி? அதுக்கு யாராவது எங்களுக்கு ஒரு ரூபா கொடுத்திருக்காங்களா, சொல்லு."

லாரிக்காரர் சிரித்துவிட்டு எரு மூட்டையை இறக்கப் போனார். பெரியவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி வேடிக்கையானதில்லை. ஐம்பது ஆண்டுகளாக மலைப்பகுதிக் கொள்கை என்று டெல்லியிலும் சென்னையிலும் பேசப்பட்டதெல்லாம் அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறது.

உயரத்தை அளந்த கொள்கை

ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டம் 1974-ல் தொடங்கியபோது, மலைப்பகுதிகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. சமவெளிக்குப் போடும் திட்டம் மலைக்குப் பொருந்தாது. ஒரு கிலோமீட்டர் சாலைக்கு மலையில் ஆகும் செலவு வேறு. பின்தங்கிய பகுதிகள் முன்னுக்கு வந்தால்தான் நாட்டின் வளர்ச்சி சமமாகும் என்பது அப்போதைய வாதம். வாதம் சரிதான். இமாச்சலப் பிரதேசம் போல முழுவதும் மலையான மாநிலங்களுக்குத் தனிச் சலுகை கிடைத்தது. ஒரு சமவெளி மாநிலத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலைகளுக்கு 'மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம்' வந்தது. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங், அசாமின் இரண்டு மலை மாவட்டங்கள், அன்றைய உத்தரப் பிரதேசத்தின் மலை மாவட்டங்கள், தமிழ்நாட்டில் நீலகிரி.

கூடவே 'மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம்'. மகாராஷ்டிராவில் தொடங்கி கன்னியாகுமரி வரை. ஒரு தாலுகாவின் பரப்பில் 20 சதவிகிதமாவது 600 மீட்டருக்கு மேல் இருந்தால் அது உள்ளே வரும் என்பது அளவுகோல். அளவுகோலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொல்லிமலையும் ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் 600 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் அவை கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. அதனால் வெளியே. அங்கே சாமையும் தினையும் விதைக்கும் மலையாளி மக்களுக்கு மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்வது கடினம்.

வந்த பணத்தில் நீலகிரியில் என்ன நடந்தது? கண்ணுக்குத் தெரிகிறது. ஹட்டிக்குப் போகும் சிமென்ட் படிகள், சாலையோரத் தடுப்புச் சுவர், ஓடையில் தடுப்பணை, சிறு பாலம், நடைபாதை, மண் அரிப்புத் தடுப்பு வேலை. ஒவ்வொன்றும் தேவையானது. நடைபாதை இல்லாத ஹட்டியில் தலைச்சுமையாக இலை மூட்டை தூக்கியவர்களுக்கு அந்தப் படிகளின் அருமை தெரியும். 2014-ல் திட்டக் குழு முடிவுக்கு வந்ததற்குப் பிறகு மத்திய உதவியும் நின்றுபோனது. தமிழ்நாடு அரசு தன் சொந்தப் பணத்தில் தொடர்கிறது.

ஆனால் அந்தப் பணம் எப்போதும் வேலையாகத்தான் வந்தது. ஒப்பந்தக்காரர், கல், சிமென்ட், அளவுப் புத்தகம். சரிவில் விவசாயம் செய்கிறவருக்கு, அந்தச் சரிவுக்காக என்று கையில் எதுவும் வரவில்லை. இதே காலத்தில், 1975-ல், ஐரோப்பாவில் அன்றைய பொதுச்சந்தை நாடுகள் வேறு வழியில் போயின. மலையில் விவசாயம் செய்தால் செலவு கூடுதல், விளைச்சல் குறைவு. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட விவசாயிக்கே ஆண்டுதோறும் தொகை கொடுப்பது என்று சட்டம் செய்தார்கள். விவசாயி மலையைவிட்டுப் போய்விட்டால் நிலம் பாழாகும், ஊர் காலியாகும் என்ற பயம்தான் காரணம். சுவிட்சர்லாந்தில் இன்றும் நிலத்தின் சரிவை அளந்து, சரிவு கூடக் கூடத் தொகையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். பணக்கார நாடுகள், கொடுக்கலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்: மலையில் ஆள் இருப்பதற்கு.

ஆள் குறையும் மாவட்டம்

நீலகிரியில் அந்தப் பயம் நடந்தே விட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து ஆண்டில் 26,747 பேர் குறைவு. அதே பத்து ஆண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 சதவிகிதத்துக்கு மேல் கூடியது. மாநிலத்தில் ஆள் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான்.

யார் போனார்கள்? தேயிலை விலை விழுந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள். படித்து முடித்த படுகர் இளைஞர்கள். ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை நம்பியிருந்த குடும்பங்கள். அந்தத் தொழிற்சாலை 1960-ல் நிறுவப்பட்டது. தூசு இல்லாத குளிர்ந்த காற்று பிலிம் தயாரிக்க ஏற்றது என்பது மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பின்தங்கிய பகுதிக்கு ஒரு பெரிய ஆலையைக் கொடுத்தால் சுற்றியுள்ள ஊர்கள் வளரும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. எக்ஸ்ரே பிலிம் முதல் சினிமா பிலிம் வரை எடுத்தார்கள். 1990களில் ஆலை நலிந்தது, டிஜிட்டல் கேமரா வந்ததும் மீளவே இல்லை. மலையின் காற்றை மட்டும் பார்த்து வைத்த ஆலை, மலையில் விளையும் எதையும் வாங்கவில்லை. அதனால் மூடியபோது விவசாயிக்கு ஒரு சந்தையும் போகவில்லை, சம்பளம் வாங்கிய பிள்ளைகள்தான் போனார்கள்.

வெளியேறிய குடும்பத்தின் நிலம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, தேயிலை கவ்வாத்து இல்லாமல் மரமாகி, உண்ணிச் செடியும் காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்கின்றன. இன்னொன்று, சாலையோர நிலமாக இருந்தால் விடுதியாகிறது.

இந்த இதழுக்கு வரும் கேள்விகளில் 'மலையில் ஐம்பது சென்ட் வாங்கிக் காய்கறி போடலாமா' என்பது அடிக்கடி வரும் ஒன்று. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அந்தக் கிராமம் 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் கட்டடத்துக்கும் மனைப் பிரிவுக்கும் தனி அனுமதி வேண்டும். நிலத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைக்கூட 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஆழ்துளைக் கிணறும் மண் தோண்டும் இயந்திரமும் நினைத்தவுடன் போட முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் இன்னும் கவனம்: 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலத்துக்கு அரை நூற்றாண்டாகப் பட்டா இழுபறி. இத்தனையும் தாண்டி, நிலத்திலிருந்து லாரி நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்க வேண்டும். தலைச்சுமைக் கூலி லாபத்தைத் தின்றுவிடும்.

இந்தச் சட்டங்கள் தேவையில்லை என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் சில நாட்கள் கொட்டிய மழையில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சமவெளியில் பல மாவட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் பெய்வதே அவ்வளவுதான். இப்படி மழை பெய்யும் மலையில் கட்டுப்பாடு இல்லாமல் வெட்டவும் தோண்டவும் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மரத்தை வெட்டாமல், மண்ணைத் தோண்டாமல், காட்டை விட்டுவைப்பதால் பலன் பெறுகிறவர்கள் மலைக்குக் கீழே இருக்கிறார்கள். அதன் செலவு முழுவதும் மேலே இருக்கிறவருக்கு.

எமரால்டிலிருந்து இறங்கும் தண்ணீர்

ஊட்டியிலிருந்து இத்தலார் வழியாகப் போனால் எமரால்டு அணை. பக்கத்திலேயே அவலாஞ்சி. நீலகிரியின் உயரமான மேற்கு விளிம்பில் சோலைக்காடும் புல்வெளியுமாக இருக்கும் பகுதி மழையைப் பஞ்சு போலக் குடித்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்துத்தான் 1950களின் நடுவில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் தொடங்கியது. அப்பர் பவானியில் பிடிக்கும் நீர் அவலாஞ்சி, குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஐந்து இடங்களில் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் சமவெளிக்குப் போகிறது. ஒரே தண்ணீர், ஐந்து முறை மின்சாரம். குந்தா நிலையங்களின் மொத்தத் திறன் 500 மெகாவாட்டுக்கு மேல். இப்போது இன்னொரு 500 மெகாவாட்டுக்கு நீரேற்று மின்திட்டமும் கட்டப்பட்டு வருகிறது.

இதற்கும் முன்னோடி பைக்காரா. 1932-ல் அங்கே தயாரான மின்சாரம்தான் கோயம்புத்தூருக்கு இறங்கி நூற்பாலைகளை ஓட்டியது, கிணற்றில் மோட்டார் வைக்க வழி செய்தது. கமலை இறைத்துக்கொண்டிருந்த கொங்கு நாட்டுத் தோட்டங்கள் மாறியது அந்த மின்கம்பியால். இன்று பனியன் தைக்க மலையிலிருந்து இறங்கும் இளைஞர், அவருடைய தாத்தா காலத்து மலைத் தண்ணீர் எழுப்பிய தொழிலில்தான் வேலைக்குச் சேருகிறார். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் சமச்சீரான வட்டார வளர்ச்சி என்று பேசும்போது, மலையைக் கையேந்தி நிற்கும் பின்தங்கிய பகுதியாக மட்டும் காட்டுவது சரியான கணக்கில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூரின் வளர்ச்சியில் மலையின் முதலீடு இருக்கிறது. அதற்கு வட்டி வருவதில்லை.

கொடுக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. இமாச்சலப் பிரதேசத்தில் மத்திய நிறுவனங்கள் அணை கட்டினால், அந்த மாநிலத்துக்கு 12 சதவிகித மின்சாரம் இலவசம். மலை மாநிலத்துக்கு அது பெரிய வருமானம். குந்தா சொந்த மாநிலத்தின் திட்டம் என்பதால் அந்தக் கணக்கு இங்கே வராது. மின்சாரமும் சென்னை வாரியத்துக்கு, வருமானமும் அங்கேயே. அடுத்து காடு. 14-வது நிதிக் குழு, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டின் பரப்பையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்து 7.5 சதவிகித எடை கொடுத்தது. 15-வது குழு அதை 10 சதவிகிதமாக்கியது. காட்டை வைத்திருப்பதற்காக மாநிலத்துக்குப் பணம் வருகிறது. நீலகிரியின் பரப்பில் பாதிக்கு மேல் காடு. ஆனால் வருகிற பணம் மாநிலத்தின் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது. காட்டை ஒட்டிய ஊராட்சிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது.

கேட்பதற்கு ஆளும் குறைவு. 234 சட்டமன்றத் தொகுதிகளில் நீலகிரிக்கு மூன்று: உதகை, குன்னூர், கூடலூர். நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் நீலகிரி என்றாலும், அதிலுள்ள ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் மலைக்குக் கீழே.

மலை விவசாயியின் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது, அதை மறைப்பதில் லாபமில்லை. சரிவில் படி அமைக்காமல், மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்துக் கேரட் போடும் நிலத்திலிருந்து முதல் மழையிலேயே மேல்மண் ஓடிவிடுகிறது. அதோடு உரமும் பூச்சிமருந்தும். போய்ச் சேருமிடம் ஓடை, பிறகு அணை. ஊட்டியில் 1950களிலிருந்தே மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படிக்கட்டு வயலை உட்புறம் லேசாகச் சரியும்படி அமைப்பது, உள்ளோரத்தில் வடிகால், வடிகால் இறங்குமிடத்தில் புல் வளர்ப்பது, படியின் விளிம்பில் வேர் பிடிக்கும் புல் நடுவது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பது புதிதில்லை. செய்கிறவர்கள் செய்கிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர் செய்வதில்லை. ஒரு பருவத்துக்கு எடுத்த நிலத்தில் யார் படி கட்டுவார்கள்?

பெரியவரின் கேள்விக்கு நடைமுறைப் பதில் ஒன்று இங்கேதான் கிடைக்கலாம். படியை ஒழுங்காக வைத்திருக்கும் விவசாயிக்கு, ஓடைக்கரையில் பத்தடி விட்டுப் பயிர் செய்கிறவருக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுத்தால், அது தானமாகாது. பில்லூரில் சேறு குறைவதற்கான கூலி. அணையில் தூர் வாரும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது மலிவு என்று பொதுப்பணித் துறைக்காரர்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

43 வளைவு இறங்கினால்

மஞ்சூரிலிருந்து காரமடைக்கு இறங்கும் சாலை மேட்டுப்பாளையம் சாலையைப் போலக் கூட்டமில்லாதது. 43 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலை முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். யானை நின்றால் பேருந்து நிற்கும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார், பயணிகளும் அவசரப்படமாட்டார்கள். வளைவுக்கு வளைவு ராட்சதக் குழாய்கள் மலையைக் கோடு போட்டதுபோல இறங்குவது தெரியும். கெத்தையில் மின்நிலையம். மின்வாரியக் குடியிருப்பில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குழாய்க்குப் பக்கத்திலேயே உள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் இருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சில பேருந்துகள்தான்.

கீழே இறங்கினால் வெள்ளியங்காடு. பில்லூர் அணையின் தண்ணீரைச் சுத்திகரித்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் நிலையம் இங்கே. காற்று சட்டென்று சூடாகிறது. வாழையும் தென்னையும் வந்துவிடுகின்றன. பில்லூரைத் தாண்டிய பவானி மேட்டுப்பாளையத்தைத் தொட்டு, சிறுமுகை வழியாகப் பவானிசாகருக்குப் போகிறது. பைக்காராவில் பிறந்த மாயாறும் காட்டுக்குள் சுற்றிவந்து அங்கேயே சேருகிறது. நீலகிரியின் கிழக்கிலும் தெற்கிலும் பெய்த மழையில் பெரும்பகுதிக்குக் கடைசியில் சேருமிடம் இந்த 32.8 டி.எம்.சி. அணைதான்.

1955-ல் கட்டி முடிந்த அந்த அணையிலிருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் போகிறது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. ஆடி முடிந்து ஆகஸ்ட் நடுவில் நஞ்சைப் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அணையில் எத்தனை அடி என்று அந்த வாரம் முழுவதும் கோபியிலும் பெருந்துறையிலும் காங்கேயத்திலும் டீக்கடைகளில் பேச்சு. அவலாஞ்சியில் மழை எவ்வளவு என்றும் அதே கடையில் விசாரிப்பார்கள். நாற்றங்கால் போடுவதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று முடிவெடுக்க அந்த எண் வேண்டும்.